மலையிறங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் தனியாக ஒரு பகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களிலிருந்து சென்னைக்குச் செல்பவர்களில் சிலர், துணைக்கு ஒருவரும் இல்லாமல், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு முழுப் பகலைக் கழிக்க விரும்புகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பவையும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன.

ஒரே இடத்தில் ஒரு நாள் முழுவதும் என்ன செய்வது? இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்கிறார்களே?

முடித்துவிடலாம், பள்ளிச் சுற்றுலாவில் அப்படித்தான் முடிக்கிறார்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து வியந்து, கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து, வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்குவது வரை இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றைச் சுற்றிவந்து, அதன் முதுகையும் பீடத்தையும் பார்த்து, சற்று விலகி அமர்ந்து, மீண்டும் எழுந்து பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆகும். கூட்டமாகச் செல்லும்போது இது நடப்பதில்லை, ஏனென்றால் யாராவது ஒருவருக்குப் பசிக்கும், யாராவது ஒருவர் அடுத்த அறைக்குப் போய்விட்டிருப்பார், நாமும் அவர்கள் பின்னால் ஓடவேண்டியிருக்கும். தனியாகச் செல்பவருக்கு நேரம் அவர் வசமே இருக்கிறது. அந்த நேரத்தை அதிகப் பொருள்களைப் பார்க்கச் செலவிடாமல், குறைந்த பொருள்களை நீண்ட நேரம் பார்க்கச் செலவிட வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா யோசனைகளுக்கும் அடிப்படை.

சென்னை வரை செல்லத்தான் வேண்டுமா? உதகையிலேயே அருங்காட்சியகம் இருக்கிறதே?

இருக்கிறது, அதை முதலில் பார்ப்பதும் நல்லது. உதகை அரசு அருங்காட்சியகத்தையும், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தோடு சேர்ந்த காட்சிக்கூடத்தையும், தாவரவியல் பூங்காவுக்கு மேலே, மந்து எனப்படும் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பையும் ஒரு வார நாளில் அவசரமில்லாமல் பார்த்துவந்தால், தனியாக நின்று ஒரு பொருளைப் பார்க்கும் பழக்கம் சிறிது கைவரும். புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரிக்கப்பட்டு, மலைமேல் ஏற்றப்பட்ட மரங்கள் அவை.

தோடர் பூவேலையும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே தைக்கப்படும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உதகைக் கடைகளில் அது தொங்குவதைத் தினமும் கடந்துபோகிறோம். ஒரு போர்வையைக் கையில் வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்து, ஒரு கோலம் எந்த இழையில் தொடங்கி எந்த இழையில் முடிகிறது என்று எண்ணிப் பார்த்தால், அருங்காட்சியகத்துக்கு வேண்டிய பயிற்சியில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஆயினும் சோழர் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் எழும்பூரில்தான் இருக்கின்றன. நம் மலையின் மிகப் பழைய கலைப்பொருள்களில் ஒரு பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது.

நம் மலையின் பொருள்கள் அங்கே எப்படிச் சென்றன?

உதகையில் பிரீக்ஸ் பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். மலைமுகடுகளில் பழங்காலப் புதைகுழிகளாக இருந்த கல்வட்டங்களையும் கற்குவைகளையும் அவர் தோண்டச் செய்து, அவற்றில் கிடைத்த பானைகள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், அணிகலன்கள் ஆகியவற்றைத் திரட்டினார். 1872இல் அவர் இறந்துவிட்டார். மலைப் பழங்குடிகளையும் இந்தப் புதைகுழிகளையும் பற்றி அவர் எழுதியது அடுத்த ஆண்டு அச்சாகி வெளிவந்தது. பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

மலையிலிருந்து செல்பவர்கள் தங்கள் பகலை இந்தப் பானைகளிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. நுழைவுச்சீட்டு தரும் இடத்தில் மானுடவியல் பிரிவு எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் சாடிகளும், அவற்றின் மூடிகள்மேல் எருமை, குதிரைவீரன், சிறுத்தை, பெண் என்று சிறு உருவங்களும் இருப்பதைக் காணலாம். கொம்பு வளைந்து பின்னோக்கிச் செல்லும் அந்த எருமைகளைக் கண்டதும், மலையில் வாழ்பவருக்குச் சட்டென்று தோடர் எருமைகள் நினைவுக்கு வரும். இவற்றைச் செய்தவர்கள் தோடர்களின் முன்னோரா, வேறு மக்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தோடர்கள் தாங்கள் பானை வனைவதில்லை. அவர்களுக்குப் பானை கொடுத்துவந்தவர்கள் மற்றொரு மலைப் பழங்குடியினரான கோத்தர்கள், அவர்களிலும் வனைபவர்கள் பெண்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு மூடியின் முன் நிற்கும்போதே கேள்விகள் தாமாக எழும். மூடியில் உள்ள உருவங்களை விரலால் அழுத்தி ஒட்டிய தடம் தெரிகிறதா என்றும் உற்றுப் பாருங்கள்.

எந்தக் கிழமையில் செல்லலாம்?

வெள்ளிக்கிழமையைத் தவிர்க்க வேண்டும். அன்று வார விடுமுறை. தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்க மாட்டார்கள். மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறுகளில் குடும்பங்கள் அதிகம் வரும் என்பதால், செவ்வாயோ புதனோ உத்தமம். சில அரங்குகள் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடப்படுவதுண்டு. அதற்காகப் பயணத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை, திறந்திருப்பவையே ஒரு நாளுக்கு மிகுதி.

எந்த ரயில் வசதியானது? அதிகாலையில் இறங்கினால் 9.30 வரை என்ன செய்வது?

மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு ஒன்பது மணியை ஒட்டிப் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறரைக்குள் சென்னை சென்ட்ரலை அடைகிறது. அன்றிரவே ஏறக்குறைய அதே நேரத்தில் சென்ட்ரலிலிருந்து திரும்புகிறது. இரண்டு இரவுகளை ரயிலிலும் இடைப்பட்ட பகலை அருங்காட்சியகத்திலும் கழித்தால் விடுதிச் செலவே இல்லை.

காலையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சென்ட்ரலிலேயே காத்திருப்போர் அறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு, பையைப் பொருள் காப்பறையில் வைத்துவிட வேண்டும். பையோடு அருங்காட்சியகத்துக்குச் சென்றால் நாள் முழுவதும் தோள்தான் நினைவில் இருக்கும். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே செல்லலாம். வழியில் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், ஏனென்றால் உள்ளே நுழைந்த பிறகு மதியம் வரை வெளியே வர மனம் வராது.

மலைக்குளிருக்குப் பழகியவர்களால் சென்னை வெயிலைத் தாங்க முடியுமா?

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே இரவில் அத்தனையும் இறங்கி வருகிறோம் என்பதை உடம்பு மறக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சென்னை நமக்கு இதமாக இருக்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம். பருத்தி உடையும் தண்ணீர் பாட்டிலும் போதும். கம்பளிச் சட்டையைப் பையோடு காப்பறையில் விட்டுவிடலாம், மறுநாள் விடியற்காலை மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் அது தேவைப்படும். அருங்காட்சியக வளாகத்தில் கட்டடங்கள் தனித்தனியாக நிற்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடையை முற்பகலிலேயே முடித்துக்கொண்டு, நண்பகல் நேரத்தில் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும்படி திட்டமிடுவது நல்லது.

தனியாகச் செல்வதாக வீட்டில் எப்படிச் சொல்வது?

மலையிலிருந்து கீழே போகிறவர்களுக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். ஆஸ்பத்திரியா, கல்யாணமா, கோர்ட்டு வேலையா, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவா என்று பேருந்து நிறுத்தத்திலேயே கேட்பார்கள். பொம்மை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மிகுந்திருக்கும் மாதங்களில் கேட்டால் நியாயமாகவே மறுப்பு வரும். வேலை குறைந்திருக்கும் காலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பொய்க் காரணம் சொல்லிவிட்டுச் சென்றால், அந்தப் பொய்க்கு ஏற்ப நாள் முழுவதும் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

பெண்கள் தனியாகச் செல்லலாமா?

செல்லலாம், செல்கிறார்கள். பகல் நேரத்தில், காவலர்கள் உள்ள அரசு வளாகத்தில், குடும்பங்களும் மாணவர்களும் நடமாடும் அறைகளில்தான் நாள் முழுவதும் கழிகிறது. ரயிலில் மேல்படுக்கை கேட்டு வாங்குவது பலருக்கு நிம்மதியாக இருக்கிறது. ஒரு சிலையின் முன் நெடுநேரம் தனியாக நிற்கும் பெண்ணிடம் யாராவது வந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவது மட்டும் சிறு தொல்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் அநேகமாக விலகிச் சென்றுவிடுவார்கள்.

செப்புத் திருமேனிகளை எப்படிப் பார்ப்பது? எனக்குக் கலை பற்றி எதுவும் தெரியாது.

கோவிலில் சுவாமி பார்த்திருந்தால் பாதி தெரியும். மீதிப் பாதி, கோவிலில் காண முடியாதது. உலாத் திருமேனியைக் கோவிலில் பட்டும் மாலையும் மூடியிருக்க, முகத்தை மட்டுமே தரிசிக்கிறோம். அருங்காட்சியகத்தில் அலங்காரம் இல்லாமல், இடுப்பின் வளைவும் முதுகின் தசையும் தெரிய, சிற்பி முடித்துக் கொடுத்த வடிவில் நிற்கிறது. எனவே முதலில் பின்பக்கம் செல்லுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கூந்தலின் சுருளையும் அரைக்கச்சையின் முடிச்சையும் முன்பக்கத்துக்குச் சமமாகச் செய்திருப்பார்கள்.

பிறகு பீடத்தைப் பாருங்கள். அதில் உள்ள துளைகளும் வளையங்களும் வீதியுலாவின்போது திருமேனியை அசையாமல் கட்டுவதற்காக அமைந்தவை. அசைந்து வரும் தெருவில், தீவெட்டி வெளிச்சத்தில், கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட உருவம் அது. ஆகவே ஒரு முறையாவது முழங்கால் மடக்கிக் குனிந்து, கீழிருந்து முகத்தைப் பார்க்க வேண்டும். பார்வையின் திசையே மாறிவிடும்.

செய்முறையையும் அறிந்திருந்தால் பார்வை கூர்மையாகும். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முழு உருவத்தையும் முதலில் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலரவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். பிறகு மண்ணை உடைத்தெடுப்பதால் ஓர் அச்சில் ஒரே திருமேனிதான் கிடைக்கும். மலைத்தேன் எடுக்கும் குறும்பர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு மெழுகின் குணம் தெரியும். விரலின் சூட்டுக்கு வளைந்துகொடுக்கும் அந்த மென்மை உலோகமான பிறகும் விரல்நுனிகளில் தங்கியிருக்கிறதா என்று தேடலாம்.

எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்றால், எந்தத் திருமேனிகளை விடக்கூடாது?

என் தேர்வு மூன்று. முதலாவது திருவாலங்காட்டு நடராசர். காரைக்கால் அம்மையார் பாடிய தலத்திலிருந்து வந்த இத்திருமேனி, சுற்றிலும் தீச்சுடர் வளையமான திருவாசி இல்லாமல் நிற்கிறது. அந்தக் குறையே பார்ப்பவருக்கு ஒரு வசதி; வளையம் மறைக்காததால், தூக்கிய இடக்காலிலிருந்து முயலகன்மேல் ஊன்றிய வலக்கால் வரை உடலின் எடை எங்கே விழுகிறது என்பதைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகப் பார்க்கலாம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் பார்த்து, 1913இல் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். நாம் ஓர் இரவுப் பயணத்தில் நேரில் சென்று நின்றுவிடுகிறோம்.

இரண்டாவது திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணுங்கள்: வலப்புறம் இரண்டு, இடப்புறம் ஒன்று. ஆணும் பெண்ணுமாகப் பிரியும் கோட்டை நெற்றியிலிருந்து பாதம் வரை கண்ணால் தொடர்ந்து சென்றால், இரண்டு உடல்களை ஒட்டிவைத்த செயற்கை எங்கும் தென்படாது. இடது இடுப்பு மட்டும் சற்றே ஒதுங்கி நிற்கும். இந்த ஒன்றுக்காக மட்டுமே பயணம் செய்தாலும் தகும் என்பேன்.

மூன்றாவதாக ஒரு தனிச் சிலையைச் சொல்லாமல், நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்துவந்த புத்தர் உருவங்களைச் சொல்கிறேன். தலைக்கு மேல் சுடர் எழும் சிறிய புத்தர்கள் அவர்கள். சோழ நாட்டில் பௌத்தம் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதைப் பாடநூலைவிட அழுத்தமாக அவர்கள் சொல்கிறார்கள். அளவில் சிறியவர்கள் என்பதால் பெரும்பாலோர் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள்.

சாமி சிலைகள் என்பதால் செருப்பைக் கழற்ற வேண்டுமா? கும்பிடலாமா?

செருப்போடுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். கைகூப்பி நிற்பவர்களையும் காணலாம், யாரும் தடுப்பதில்லை. கற்பூரம், பூ, குங்குமம் எதுவும் கூடாது. தொடவும் கூடாது, கையின் எண்ணெயும் வியர்வையும் உலோகத்தைக் கெடுக்கும்.

அமராவதிச் சிற்பங்களில் எதைக் கவனிப்பது?

பளிங்கு என்று பொதுவாகச் சொன்னாலும் அவை வெளிறிய சுண்ணாம்புக்கல்லில் ஆனவை. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியைச் சுற்றிப் பதித்திருந்த பலகைகளை 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பகுதி 1859இல் கப்பலேறி லண்டனுக்குச் சென்றுவிட்டது. எஞ்சியவையும் பின்னர் கிடைத்தவையும் எழும்பூரில் இருக்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் ஒரு கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் என்பதால், முழுவதையும் ஒரே பார்வையில் விழுங்க முயன்றால் ஒன்றும் பதியாது. ஒரு பலகையைத் தேர்ந்து, அதில் ஓரத்தில் நிற்கும் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவர் யாரைப் பார்க்கிறார், அந்த ஆள் யாரைப் பார்க்கிறார் என்று பார்வையைத் தொடர்ந்து சென்றால் கதையின் நடுவுக்கு வந்துசேர்வீர்கள். தூபியையே செதுக்கிய பலகைகளும் உண்டு. அழிந்துபோன கட்டடம் எப்படி இருந்தது என்பதை அவற்றில் காணலாம்.

புகைப்படம் எடுக்கலாமா?

அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், முற்பகல் முழுவதும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, பென்சிலால் நோட்டில் கோடுகள் இழுத்துப் பாருங்கள் என்பேன். வரையத் தெரியாதவர் வரைந்தாலும், ஒரு கையின் முத்திரையை வரைய முயலும்போது எத்தனை விரல் மடங்கியிருக்கிறது என்று எண்ணித்தானே ஆகவேண்டும். நினைவுக்குப் படம் வேண்டுமென்றால் பிற்பகலில் திரும்பிவந்து எடுக்கலாம்.

மதியச் சாப்பாடு, ஓய்வு?

அரங்குகளுக்குள் உண்ணக்கூடாது. எழும்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே சென்று வரும் வெயிலும் கூட்டமும் பிற்பகலின் சக்தியைத் தின்றுவிடும். ஊரிலிருந்து வர்க்கியும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துச்சென்று, வளாகத்தின் மரநிழலில் அமர்ந்து முடித்துக்கொள்வது எளிது. வர்க்கி கெட்டுப்போகாது, பையில் நொறுங்கினாலும் ருசி குறையாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் எதையும் பார்க்காமல் சும்மா இருங்கள். முட்டிவலி உள்ளவர்கள் மாடி அரங்குகளை முற்பகலில் முடித்துக்கொள்ள வேண்டும்.

மாலை 5 மணிக்கு மூடிவிட்டால் ரயில் நேரம் வரை எங்கே இருப்பது?

அதே வளாகத்தை ஒட்டி 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. பகலில் பார்த்த சிலைகளைப் பற்றிய தமிழ் நூல்களை அங்கேயே புரட்டலாம். உதகையின் பழைய நூலகக் கட்டடத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, யாரும் நுழையக்கூடிய இவ்வளவு பெரிய நூலகம் ஒரு மகிழ்ச்சி. ஏழரை மணிக்குப் புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்து, பையை மீட்டுக்கொண்டு எட்டரைக்குள் சென்ட்ரலில் நடைமேடைக்கு வந்துவிடுங்கள்.

திரும்பும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. ஏழு மணியை ஒட்டி அங்கிருந்து புறப்படும் மலைரயிலில் இடம் வேண்டுமென்றால் வெகு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்கள் அரசுப் பேருந்தை நம்பலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மண்சரிவால் மலைரயில் நிறுத்தப்படுவதுண்டு, குன்னூர்ச் சாலையும் சில நாள்களில் அடைபடும். அப்போது கோத்தகிரி வழிப் பேருந்து ஓடுகிறதா என்பதை நிலையத்திலேயே விசாரித்துக்கொண்டு, அதிலேயே ஏறிவிடுவது நல்லது.